முதுகுக்குப் பூசும் மருந்து

மேரிஜோசப்பின் என்பவள் நெடுந்தீவுக்கு அரசாங்க மருத்துவிச்சியாக வந்தது 1968ஆம் ஆண்டில். ஊர்காவற்றுறையில் பிறந்தவள். முப்பத்தொரு வயது. கலியாணம் பேசிப் பேசி ஓய்ந்திருந்தது. மருத்துவ நிலையத்துக்குப் பின்னால் ஓர் அறையும் குசினியுமாக ஒரு வீடு கொடுத்திருந்தார்கள். ஆள் வந்து கூப்பிட்டால் தோல்பையைத் தூக்கிக்கொண்டு நடப்பாள். சில ஆண்டுகளில், அவள் கை படாமல் அந்தத் தீவில் பிறந்த பிள்ளைகள் குறைவு என்றாயிற்று.

வந்த அடுத்த வருடம் முதுகில் காசளவு சிவப்பாக ஒன்று தோன்றியது. அதன்மேல் வெள்ளைச் செதில். நாளடைவில் முதுகு முழுக்கப் படர்ந்து முழங்கைகளுக்கும் வந்தது. சட்டைக் கையை நீளமாகத் தைத்துக்கொண்டாள். ஆனால் பிள்ளைப்பேறு பார்க்கும்போது கையைச் சுருட்டத்தானே வேண்டும். ஒரு வீட்டில், வெந்நீர் கொண்டுவந்து வைத்த மாமியார் அந்த முழங்கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்த பேறுக்கு அந்த வீட்டார் அவளைக் கூப்பிடவில்லை. நிறைமாதக்காரியைப் படகில் ஏற்றி யாழ்ப்பாணம் கொண்டுபோனார்கள்.

அதற்குப் பிறகுதான் டொக்டர் தேடத் தொடங்கினாள். யாழ்ப்பாணம் அரசாங்க ஆஸ்பத்திரியில் வியாழக்கிழமைகளில் தோல் கிளினிக் நடப்பது அவளுக்குத் தெரியும். அங்கிருந்தவர் அதற்கென்றே படித்தவர். ஆனால் கிளினிக் வாசலில் போட்டிருக்கும் நீள வாங்கில் காத்திருப்பவர்களைப் பார்த்து, "குட்டமோ, வேற ஏதுமோ" என்று மற்றவர்கள் குசுகுசுப்பதைப் பயிற்சிக் காலத்திலேயே கேட்டிருக்கிறாள். தன் பெயரில் அங்கே ஒரு அட்டை எழுதப்பட்டால் செய்தி மேலிடத்துக்குப் போகும், வேலை போய்விடும் என்று பயந்தாள்.

அதனால் முதலில் வேலணையில் நாட்டு வைத்தியம் பார்த்த ஒரு பரியாரியாரிடம் போனாள். அவர் எண்ணெய் கொடுத்து, தொண்ணூறு நாள் மீன் தொடக்கூடாது என்றார். தீவில் மீனை விட்டால் சோற்றோடு என்ன இருக்கிறது? தொண்ணூறு நாளும் சம்பலோடு சாப்பிட்டாள். செதில் அப்படியே இருந்தது.

பிறகு பட்டினத்தில் தனியாக வைத்தியம் பார்த்த ஒரு டொக்டர். பின்னேரம்தான் பார்ப்பார். அதற்குள் கடைசிப் படகு போய்விடும். அண்ணன் சில்வெஸ்ரரின் வீட்டில் தங்கவேண்டி வந்தது. அண்ணனின் மனைவி கிறேஸ் கரிசனையாகத்தான் சோறு போட்டாள், பாய் விரித்தாள். காலையில் இவள் முகம் கழுவிவிட்டு வந்தபோது அந்தப் பாய் கழுவப்பட்டு வேலியில் தண்ணீர் சொட்டக் கிடந்தது.

"வெயிலுக்குப் போட்டனான்" என்றாள் கிறேஸ், வேறெங்கோ பார்த்தபடி.

"ஓம் மச்சாள்."

அந்த டொக்டரின் ஊசியில் இரண்டே மாதத்தில் எல்லாம் மறைந்தது. ஊசியை நிறுத்தியதும் முன்னைவிட மோசமாகக் கிளம்பித் தலைக்குள்ளும் ஏறியது. மறுபடி போடுவோம் என்றார் அவர். கண்ணாடியில் அந்த ஊசியால் ஊதிப்போய்த் தெரிந்த தன் முகத்தைப் பார்த்தவளுக்கு மறுபடி போக மனம் வரவில்லை.

1973இல் ஒரு புதன்கிழமை படகேறினாள். அண்ணன் வீட்டுக்குப் போகாமல், தெரிந்த கன்னியர் மடத்தில் ஒரு கட்டில் கேட்டு வாங்கிப் படுத்தாள். விடிந்ததும் போய் அந்த வாங்கில் இருந்தாள்.

டொக்டர் அவளை யன்னல் வெளிச்சத்தில் திருப்பி நிறுத்திப் பார்த்தார். ஒரு செதிலை மெல்லச் சுரண்டிப் பார்த்தார்.

"இது தொற்றாது. அதே நேரம், முற்றாக மாறவும் மாறாது. அடங்கும், பிறகு வரும்."

"என்ரை வேலை, சேர்…"

"வேலைக்கு என்ன? நான் கடிதம் தாறன். விழுங்கிற குளிசை ஒண்டு இருக்கு. ஆனால் கிழமைக்குக் கிழமை இரத்தம் சோதிக்க வேணும். வர ஏலுமோ?"

"ஏலாது, சேர். காத்துக் காலத்தில படகே ஓடாது."

"அப்ப பூசுற மருந்துதான். ரண்டு நேரமும் முதுகு முழுக்கப் பூச வேணும். வீட்டில ஆர் பூசிவிடுவினம்?"

அவள் சட்டைக் கையை முழங்கைக்குக் கீழே இழுத்துவிட்டாள்.

"அம்மா? சகோதரியள்?"

"ஒருத்தரும் இல்லை, சேர்."

"அகப்பைக் காம்பில சீலையைச் சுத்திப் பூசிப் பாரும்" என்று சொல்லிவிட்டு எழுதத் தொடங்கினார்.

மாற்றுவேன் என்று சொன்னவர்களை நம்பி நான்கு வருடம் போயிருந்தது. மாறாது என்று சொன்ன இவரிடமே இனிப் போவது என்று, குறிகட்டுவானில் படகுக்கு நிற்கும்போது முடிவெடுத்தாள்.

கடிதத்தை வாசித்த மேலதிகாரி அதை அவளுடைய அலுவலகக் கோவையில் போட்டுவிட்டு வேறு அலுவலைப் பேசினார். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

அகப்பைக் காம்பு சரிவரவில்லை. பிள்ளைப்பேற்றுக்கு விரிக்கும் றப்பர் சீலையில் பழையது ஒன்றை எடுத்து, தார் மணக்கும் அந்த மருந்தை அதில் தடவி, கட்டிலில் விரித்து, அதன்மேல் மல்லாந்து படுத்து அசைந்து அசைந்து முதுகில் பிடிக்கச் செய்தாள். காலையும் மாலையும் அப்படித்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிளினிக். முதுகு மெல்ல அடங்கியது. சில மாதங்களில் திரும்ப வரும். திரும்பவும் படுப்பாள்.

1980இல் ஒருநாள் காலை, அவள் பேறு பார்த்த றோசம்மா மீன் கொண்டுவந்து, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். கட்டிலில் கிடந்தவள் திடுக்கிட்டு எழுந்து சேலையை இழுத்துப் போர்த்தாள்.

"என்ன மிஸ்ஸி இது?"

ஜோசப்பின் சொன்னாள்.

"இதுக்கே இந்தப் பாடு? இஞ்ச தாங்கோ, நான் பூசிவிடுறன்."

"வேண்டாம், றோசம்மா. எனக்குப் பழகிப்போச்சு."

றோசம்மா மீனைக் குசினியில் வைத்துவிட்டுப் போனாள்.

ஏன் அப்படிச் சொன்னோம் என்று ஜோசப்பினுக்கே விளங்கவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. பதினொரு வருடமாக டொக்டரைத் தவிர ஒருவர் கையும் அந்த முதுகில் பட்டதில்லை. இன்னொரு தரம் கேட்டால் ஓம் என்று சொல்ல வேண்டும் என நினைத்துக்கொண்டாள். அடுத்த கிழமை றோசம்மா பிள்ளைக்கு ஊசி போடுவிக்க வந்தாள், பாணும் சீனியும் விலை ஏறிவிட்டது என்று பேசினாள், போனாள். "ஒருக்காப் பூசிவிடும்" என்று கேட்க நினைத்த ஜோசப்பின், அட்டையில் அடுத்த ஊசிக்கான திகதியை எழுதிக் கொடுத்தாள்.

அந்த மாதம் முழுக்க, மருந்து தடவும் நேரத்தில் அவள் கதவைக் கொளுவாமல் சற்றுத் திறந்தே விட்டாள். ஒருநாள் ஆடு ஒன்று வந்து தலையை நீட்டிப் பார்த்துவிட்டுப் போனது. பிறகு காத்துக் காலம் தொடங்கிவிட்டது. மணல் பறந்து வந்து மருந்தில் ஒட்டியது. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து படுத்தாள்.