பூட்டுக்கு வைத்த பொட்டு

ஜெபராணி பைப்பைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறார். நைட்டிக்கு மேல் ஒரு துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருக்கிறார். அடுப்படி வாசலுக்கு மேலே, சுவருக்குச் சுவர் குறுக்காகப் பதித்த ஜி.ஐ. பைப் அது. குக்கர் விசிலடிக்கிறது. "கொஞ்சம் அடுப்பை அணைச்சுருங்க" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே மேலே ஏறுகிறார். மோவாய் பைப்பைத் தாண்டுகிறது. எதிரே மாட்டியிருக்கும் பைபிள் வசனக் காலண்டரில் அன்றைய வசனத்தைப் படித்துவிட்டு, அவசரமில்லாமல் இறங்குகிறார்.

எனக்குப் பக்கத்து வீடு. வயது நாற்பத்தாறு. ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பட்டுச் சேலைக் கடையின் மூன்றாவது மாடியில், காலை முதல் இரவு வரை நின்றபடி சேலை விரித்து மடிப்பவர். பைப்பைப் பதித்த பிளம்பர் ஆரிஃப், எதற்கென்று கேட்டுத் திகைத்து, தானே ஒருமுறை பிடித்துத் தொங்கிப் பார்த்த பிறகுதான் கூலி வாங்கினார்.

ஆரம்பத்தில் ஜெபராணியால் பைப்பைப் பிடித்துத் தொங்கக்கூட முடியவில்லை. பிறகு ஸ்டூலிலிருந்து எம்பி, மோவாயை மேலே கொண்டுபோய், மெதுவாகக் கீழே வரப் பழகினார். "ஏற முடியாதவீங்க மொதல்ல எறங்கிப் பழகோணுங்க. அதுலயே கை தேறிப்போடும்" என்பார். மொபைலில் பார்த்துக் கற்றுக்கொண்டது. தெருவில் சிரித்தார்கள். இந்த வயதில் என்ன ஆசையோ என்றுகூடப் பேசினார்கள்.

ஆசையாவது, மண்ணாவது! போன தீபாவளி வியாபாரத்தின்போது இரண்டாவது மாடியில் ஏசி வயர் கருகிப் புகை மேலேறியது. முன்படிக்கட்டு முழுக்கக் கூட்டம். ஜெபராணி பின்படிக்கட்டுக்கு ஓடினார். 'அவசர வழி' என்று பச்சை எழுத்தில் எழுதிய கதவுக்கு முன்னால் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. அவற்றைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் கதவில் பூட்டு. சாவி மேனேஜர் வெங்கடபதியின் பாக்கெட்டில். வெங்கடபதி சாப்பிடப் போயிருந்தார். நல்லவேளை, புகை தானாக அடங்கிவிட்டது. சேலைகள் பாழாகவில்லையே என்று அன்று சாயந்திரமே எண்ணிப் பார்த்தார்கள். ஆட்களை யாரும் எண்ணவில்லை.

பூட்டைப் பற்றி ஜெபராணி கேட்டதற்கு வெங்கடபதி சொன்ன பதில்: "ஒண்ணும் ஆகலையில்லீங்க, அப்பறம் என்னங்க? தொறந்து வெச்சா எவனாச்சும் சேலையைச் சுருட்டிட்டுப் போயிருவானுங்க." வாய்க்கு வாய் 'ங்க' போடும் எங்கள் ஊர் மரியாதை எனக்குப் பிடித்ததுதான். ஆனால் அந்த மரியாதையோடே கதவையும் பூட்டி வைத்தால் வயிறு எரியாதா?

ஜெபராணி வேலை செய்யும் மூன்றாவது மாடிக் கழிவறையில் தலைக்கு மேலே ஒரு ஜன்னல். கண்ணாடியைக் கழற்றினால் ஓர் ஆள் நுழையலாம். வெளியே அடுத்த கட்டடத்தின் மொட்டைமாடி. ஜன்னல் விளிம்பை எட்டிப் பிடித்தால் மட்டும் போதாது, உடம்பை மேலே இழுக்க வேண்டும். அதற்காகத்தான் இந்தப் பைப். ஒரு சாவியைத் திருப்பக் கடைக்காரர்களுக்கு மனமில்லை. அதற்காக ஒரு பெண் தன் தோளையும் கையையும் புதிதாக வளர்க்க வேண்டியிருக்கிறது. "என்ன தன்னம்பிக்கை பாருங்க" என்று யாராவது மெச்சினால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த ஜன்னலைப் பற்றி, கூடவே நின்று சேலை மடிக்கும் சுப்பாத்தாளிடம் ஜெபராணி சொல்லியிருக்கிறார். சுப்பாத்தாளுக்குக் கனத்த உடம்பு, மூட்டுவலி வேறு. "நீ ஏறிப் போயிரு கண்ணு. நான் எப்படியாச்சும் வாரேன்" என்றாராம்.

"எப்படீங்க்கா வருவீங்க?" என்று கடையிலேயே கத்திவிட்டாராம் ஜெபராணி. என்னிடம் அதைச் சொல்லும்போதும் குரல் உயர்ந்தது. "என்ற கையில எனக்கு மட்டுந்தானுங்க பலம் இருக்குது. அக்காளை விட்டுப்போட்டு ஏற முடியுங்களா?" அதற்குப் பிறகு வெங்கடபதியைப் பார்க்கும்போதெல்லாம் சாவி கேட்கத் தொடங்கினார். அவரும் நாளைக்குப் பார்க்கலாமுங்க என்பார்.

ஆயுத பூஜையன்று சேலை எடுக்கப் போயிருந்தேன். கத்தரிக்கோல், பில் மெஷின் எல்லாவற்றுக்கும் பொட்டு. தீயணைப்பு சிலிண்டருக்கு மாலை. உள்ளே காற்றழுத்தம் இருக்கிறதா என்று காட்டும் முள்ளே தெரியாதபடி கண்ணாடி மேல் சந்தனம். பின்கதவுக்குப் போனால், அடுக்கிய பெட்டிகளுக்கு மேலே அந்தப் பூட்டுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். இதைத் திறப்பதாக இல்லை, கும்பிடுவதாக இருக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தது.

வெங்கடபதி தட்டோடு வந்து, வரிசையாக எல்லோருக்கும் பொரி கொடுத்தார். ஜெபராணி குங்குமம் வைத்துக்கொள்ளமாட்டார். பொரி எப்போதும் வாங்கிக்கொள்வார். அன்றும் கையை நீட்டினார். விரல்களின் அடியில் பைப் அழுத்தி அழுத்திக் காய்த்துப்போன உள்ளங்கை.

"சாவிங்க" என்றார்.

"நல்ல நாள் அதுவுமா என்னங்க நீங்க" என்று சிரித்தபடி, வெங்கடபதி அந்தக் கை நிறையப் பொரியை வைத்தார்.

ஜெபராணி அதை அப்படியே சுப்பாத்தாளின் முந்தானையில் கொட்டினார். கையை உதறிவிட்டு, மறுபடியும் வெங்கடபதி முன்னால் நீட்டினார்.