தலையாட்டியதால் குட்டையான பல்

பல் டாக்டர் தொழிலில் பல் படுத்தும் பாட்டைவிடப் பல்லின் படம் படுத்தும் பாடு பெரிசு. தொண்ணூறுகளில் கோயமுத்தூரில் கிளினிக் வைத்திருந்தேன். எக்ஸ்ரே ஃபிலிமை வாய்க்குள் வைத்து, நோயாளியே கட்டைவிரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். வெளியே மிஷினைச் சாய்த்துப் படம் எடுப்போம். தலை கொஞ்சம் அசைந்தாலும் போச்சு, படத்தில் பல்லின் நீளமே மாறிவிடும். அப்படி விரலை வாயில் விட்டுக்கொண்டு தவித்த மகாஜனங்களே, இந்தப் பக்கம் நாங்களும் தவித்தோம்.

நிமிர்ந்த முகம்

கோபியிலிருந்து ஒரு அம்மா ரூட் கெனாலுக்கு வந்தார். படத்தைக் கழுவி ஸ்கேல் வைத்தால், மனுஷப் பல்லாகவே தெரியவில்லை, அவ்வளவு நீளம். அதை நம்பி வேரைச் சுத்தம் செய்யும் ஊசியை விட்டிருந்தால் வேரைத் தாண்டிப் போயிருக்கும். என்னம்மா செய்தீங்க என்று கேட்டேன். பட்டனை அழுத்தும் நேரம் பார்த்து முகத்தைத் தூக்கியிருக்கிறார்.

"ஏனுங்க, போட்டோன்னா நிமுந்து பாக்கோணுமுங்களே."

விசில் பல்

அடுத்தவர் பொள்ளாச்சி பஸ் கண்டக்டர். திடீர் பிரேக்கில் கம்பியில் மோதி முன்பல் பாதி உடைந்துவிட்டது. ரெண்டு கையும் டிக்கெட்டிலும் பையிலும் இருக்க, விசிலைக் கடித்துப் பிடிப்பது அந்தப் பல்தானாம். எப்படியாவது காப்பாற்றித் தரச் சொன்னார். வேர் நீளமாக இருந்தால் மேலே கேப் போடலாம், குட்டையென்றால் பிடுங்க வேண்டியதுதான்.

படத்தில் வேர் குட்டையோ குட்டை. எனக்கே சங்கடமாகிவிட்டது. எடுத்துவிடலாம் என்றேன். மனுஷன் வாதாடவே இல்லை. சட்டைப்பையிலிருந்த விசிலை எடுத்து ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"டாக்டர் சொன்னாச் செரியாத்தானுங்க இருக்கும்."

இன்னொரு படம்

மரத்துப்போகிற ஊசியைக் கையில் எடுத்துவிட்டேன். என்னமோ உறுத்தவே படத்தை மறுபடி பார்த்தேன். அடிபடாத பக்கத்துப் பல்லும் அதில் குட்டையாக இருந்தது. வாயில் பார்த்தால் அது நல்ல நீளம். அட கடவுளே, அசையாதீங்க என்று நான் சொல்லச் சொல்ல, இவர் மரியாதையாகக் குனிந்து தலையாட்டியிருக்கிறார்.

ஊசியைக் கீழே வைத்தேன். இந்தத் தடவை நான் பேசவே இல்லை, பேசினால்தானே தலையாட்டுவார். புதுப் படத்தில் வேர் கேப்பைத் தாங்குகிற அளவுக்கு முழுசாக இருந்தது. அப்போதுதான் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கேப் போட்டு முடித்ததும் விசிலைக் கடித்து மெதுவாக ஊதிப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்:

"நீங்க பேசாம இருந்ததுனாலதானுங்க டாக்டர், என்ற பல்லு பொழச்சுது."

அன்றிலிருந்து என் கிளினிக்கில் படம் எடுக்கும்போது வாயைத் திறந்திருப்பது நோயாளி மட்டும்தான்.