ஐந்து மாதம் பதினொரு நாள்

கப்பலில் எல்லோரும் அவளை முத்திரை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பயணிகளின் பாஸ்போர்ட்டுகளை வாங்கி, எண் போட்ட உறைகளில் அடுக்கி அலமாரியில் பூட்டி வைப்பது அவள் வேலை. மூன்றாம் தளத்தில் ஜன்னலே இல்லாத சின்ன அறை. பதினொரு வருடமாக அதுதான் அவள் உலகம். யார் எந்தத் துறைமுகத்தில் ஏறினார்கள், எங்கே இறங்கப் போகிறார்கள், எந்த நாட்டுக்குள் எத்தனை முறை நுழையலாம் என்பதெல்லாம் அவளுக்கு விரல் நுனியில் இருந்தது. ஒருமுறை விசாவில் தேதி சரியில்லை என்று புதுமணத் தம்பதியையே கப்பல் ஏணியடியிலிருந்து திருப்பி அனுப்பியிருக்கிறாள். கல்நெஞ்சக்காரி என்று அந்தப் பெண் அழுதுகொண்டே திட்டிவிட்டுப் போனாள்.

அப்படிப்பட்டவள் ஒரே ஒரு தடவை விட்டுக்கொடுத்தாள்.

மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர் மனைவியோடு வந்திருந்தார். மனைவி தெருமுனையில் தையல் கடை வைத்திருப்பவள். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாகக் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தாள். பயணம் முடியும் நாளிலிருந்து ஆறு மாதமாவது பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும் என்பது விதி. தையற்காரியுடையதில் ஐந்து மாதம் பதினொரு நாள்தான் இருந்தது.

முத்திரை அக்கா புருவத்தைச் சுருக்கியதும் லைன்மேன் சொன்னார்: "பாஸ்போர்ட்டுக்குத்தாம்மா வயசாயிடுச்சு. இவ இன்னும் அப்படியேதான் இருக்கா."

தையற்காரி வெட்கத்தில் அவர் தோளில் ஓர் அடி போட்டாள். முத்திரை அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏறின இடத்திலேயே இறங்கப் போகிறார்கள், நடுவில் எங்கும் தங்கப் போவதில்லை, என்ன ஆகிவிடும் என்று தோன்றியது. பயணிகள் பட்டியலில் 'ஆறு மாதத்துக்கு மேல்' என்ற கட்டத்தில் டிக் போட்டாள்.

நான்காம் நாள் காலை எட்டு மணிக்குக் கப்பல் வேறொரு நாட்டுத் துறைமுகத்தில் நின்றது. மாலை ஐந்துக்குக் கிளம்ப வேண்டும். ஊர் சுற்றப் போகிறவர்கள் அறை அட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கலாம். கப்பல் கிளம்பினால் அந்த அனுமதியும் முடிந்துவிடும். தையற்காரிக்கு முழங்கால் வீங்கியிருந்ததால் லைன்மேன் தனியாகக் கடைத்தெருவுக்குப் போனார்.

இரண்டே முக்காலுக்குத் தொலைபேசி வந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நடைபாதையில் விழுந்தவரை யாரோ ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். உடனே ஆபரேஷன் செய்ய வேண்டுமாம்.

"அவரோட பாஸ்போர்ட்டை இங்க இருக்கிற நம்ம கம்பெனி ஏஜென்ட்கிட்ட குடுத்துடு" என்றார் கப்பல் மேலாளர். "அந்தம்மா நம்மகூடவே வரட்டும். அடுத்த துறைமுகத்துல விமானம் ஏத்தி வீட்டுக்கு அனுப்பிடலாம். இங்க இறக்கணும்னா இமிகிரேஷன்ல தனி அனுமதி வேணும். ரெண்டு மணி நேரத்துல நடக்கிற காரியமா?"

வாசலில் நின்றிருந்த தையற்காரிக்கு எல்லாம் கேட்டுவிட்டது. "அவரை முன்னப்பின்ன தெரியாத ஊர்ல போட்டுட்டு நான் விமானம் ஏறணுமா? நீங்க இறக்கிவிடலன்னா நானே இறங்கி நடப்பேன்."

"அப்படி இறங்கினா உங்களைப் பிடிச்சு உட்கார வச்சிடுவாங்கம்மா. ஆஸ்பத்திரி வாசலைக்கூட பார்க்க முடியாது" என்றாள் முத்திரை அக்கா. சொல்லிவிட்டு இரண்டு உறைகளையும் எடுத்துக்கொண்டாள். "என்கூட வாங்க."

குடியேற்ற அலுவலகம் துறைமுகத்தின் மறுகோடியில் இருந்தது. ஏஜென்ட் வேனில் கூட்டிப் போனார். அங்கிருந்த அதிகாரி பாஸ்போர்ட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். மணி மூன்றரை. தையற்காரி கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

அவர் கை ஒரு பக்கத்தில் நின்றது.

"இதுல ஆறு மாசம் இல்லையே. நீங்க குடுத்த பட்டியல்ல இருக்குன்னு டிக் போட்டிருக்கீங்க. இந்தம்மா மறைச்சுட்டாங்களா?"

கவனிக்கவில்லை, அவர்கள் சொல்லவில்லை என்றால் முத்திரை அக்காவின் தலை தப்பும். ஆனால் மறைத்து ஏறியவள் என்று ஒரு வரி எழுதிவிட்டால் தையற்காரிக்கு இந்த மண்ணில் கால் வைக்க அனுமதி கிடைக்காது. பதினொரு வருடம் இதையே பார்த்த அவளைவிட அது யாருக்குத் தெரியும்?

"இல்ல சார். நான் பார்த்தேன். தெரிஞ்சேதான் டிக் போட்டேன்."

ஏஜென்ட் திடுக்கிட்டுத் திரும்பினார். அதிகாரி வெள்ளைத்தாள் ஒன்றை அவள் பக்கம் தள்ளினார்.

"எழுதிக் கையெழுத்துப் போடுங்க. உங்க கம்பெனிக்கு ஒரு நகல் போகும், தெரியும்ல?"

"தெரியும் சார்."

எழுதும்போது இரண்டு இடத்தில் அடித்துத் திருத்தினாள். அதிகாரி தன் மேலதிகாரியைக் கூப்பிட்டார், எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார். நாலே கால். ஊழியர்கள் நாலரைக்குள் கப்பலேற வேண்டும். தையற்காரி முத்திரை அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

நாலு இருபத்தைந்துக்கு அந்தப் பக்கம் யாரோ எடுத்தார்கள். அதிகாரி முழுவதையும் சொல்லிவிட்டுச் சற்று நேரம் "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு முத்திரையை எடுத்தார். ஏழு நாள் தங்க அனுமதி. அதன்பிறகு வீட்டுக்கு அனுப்பிவைப்பது ஏஜென்ட்டின் பொறுப்பு.

தையற்காரி வேனில் ஏறியதும் முத்திரை அக்கா கப்பலை நோக்கி ஓடினாள். நாலே முக்காலுக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது ஏணியை இழுக்க ஆட்கள் தயாராக நின்றிருந்தார்கள். காவலாளி கடிகாரத்தைப் பார்த்தான். ஒன்றும் கேட்காமல் உள்ளே விட்டான்.

லைன்மேன் பிழைத்துக்கொண்டார். அனுமதியை இன்னொரு வாரம் நீட்டி வாங்கிய பிறகு இருவரும் வீடு திரும்பினார்கள். முத்திரை அக்காவிடமிருந்து மறுநாளே அலமாரிச் சாவியை வாங்கிவிட்டார்கள். அந்தப் பயணத்தோடு வேலையும் போனது.

இரண்டு மாதம் கழித்து, ஏஜென்ட்டிடம் எண் வாங்கித் தையற்காரி பேசினாள்.

"எங்களாலதானே உன் வேலை போச்சு?"

"இல்லம்மா. நான் போட்ட டிக்காலதான்."

தையற்காரி கத்தரிக்கோலைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. "சரி, உனக்கு எதாவது தைச்சுத் தரணும்டி. உன் அளவுச் சட்டை ஒன்னு அனுப்பு."

இப்போது முத்திரை அக்கா ஒரு பயண அலுவலகத்தில் விசா விண்ணப்பங்களை நிரப்பித் தருகிறாள். ஆறு மாதத்துக்கு ஒரு நாள் குறைந்தாலும் பாஸ்போர்ட்டைக் கையில் வாங்க மாட்டாள். வெளியே போகிறவர்கள் கல்நெஞ்சக்காரி என்று முணுமுணுப்பது அவள் காதில் விழத்தான் செய்கிறது.