வெள்ளைச் சீலையோடு நின்ற புதன்கிழமை

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மறதியும் கூடிவிட்டது. முன்பின்னாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

லண்டன் குட்மேய்ஸில் எங்கள் பக்கத்து வீட்டில் இருப்பவர் பால்கன் பக்கத்துப் பெண். என் வயதுதான். அவருடைய நாடு சண்டையில் துண்டு துண்டாகப் போனது. அந்த நேரம் அவரும் வேறு பெண்களும் கறுப்பு உடுத்து, தங்கள் பக்கத்துப் படை கொன்ற மற்றப் பக்கத்துச் சனங்களுக்காக நடுத்தெருவில் வாய் திறக்காமல் நின்றார்களாம். சொந்த ஆட்களே துரோகி என்று துப்பினார்களாம். கூடப் பிறந்த தம்பி இன்றைக்கும் பேசுவதில்லை. லண்டனுக்கு வந்தும் அவர் விடவில்லை. எந்த நாட்டுச் சண்டையென்றாலும் அதற்கு எதிராகப் புதன்கிழமைகளில் நகரத்துக்குள் போய் நிற்பார்.

“நீங்களும் வாங்கோவன். கதைக்கத் தேவையில்லை, நிண்டால் காணும்” என்றார் ஒருநாள். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை நான் விளங்கியபடி எழுதுகிறேன். கதைக்கத் தேவையில்லை என்றது எனக்குப் பிடித்தது. என்ன உடுப்பது என்று கேட்டேன். செத்தவீட்டு உடுப்பு என்றார்.

மகளுக்குக் கோபம் வந்துவிட்டது. “உங்களுக்கென்ன விசரே அம்மா? செத்தவீட்டு உடுப்போட போய் நிண்டா, அப்பா இல்லையெண்டு நீங்களே சொல்லுற மாதிரியெல்லோ?”

எங்கள் ஊரிலும் சண்டை நடந்த நேரம், என் கணவரை வீட்டில் வைத்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். வந்தவர்கள் ஆமிக்காரர் இல்லை, தமிழ்தான் பேசினார்கள். இருக்கிறாரா இல்லையா என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை. நான் பொட்டை அழிக்கவுமில்லை. ஆகவே மகள் சொன்னதைக் கேட்டுப் போகாமல் இருந்துவிட்டேன்.

பிறகொரு புதன்கிழமை அவர் சுருட்டிய பதாகையோடு, முழங்காலைப் பிடித்துப் பிடித்து பஸ்ஸுக்குப் போவதை யன்னலால் கண்டேன். மனம் கேட்கவில்லை. வெள்ளைச் சீலையை உடுத்துக்கொண்டு, அவர் சொல்லியிருந்த இடத்துக்கு அடுத்த பஸ்ஸில் போனேன். செத்தவீட்டுக்கு நாங்கள் வெள்ளைதானே.

அங்கே எல்லோரும் கறுப்பு. என்னைக் கண்டதும் அவருக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. “கடவுளே, கலியாணப் பொம்பிளை வந்திட்டா! மாப்பிள்ளை எங்க?”

அவர்களுக்கு வெள்ளை கல்யாண நிறமாம். மற்றவர்களும் சிரித்தார்கள்.

“எங்க எண்டு எனக்கும் தெரியாது” என்றேன். “கொண்டு போனது எங்கட ஆக்கள்தான்.”

அதை வெளியாட்களிடம் அன்றுதான் சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்தினார். தள்ளி நின்று, பக்கத்தில் இடம் விட்டார். நான் நின்றேன். மழை தூறியது. கால் விறைத்துப் போனது. போகிறவர்கள் பெரும்பாலும் எங்களைப் பார்க்கவே இல்லை. “வீட்டில வேலை இல்லையோ?” என்று ஒருவன் கத்திவிட்டுப் போனான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: “நான் களைச்சுப் போனன். சண்டையள்தான் களைக்கேல்லை.”

வீட்டுக் கதவைத் திறந்த மகள் சீலையைப் பார்த்தாள். “என்ன, அப்பாவை முடிச்சிட்டு வாறியளோ?”

“இல்லைப் பிள்ளை. எங்க எண்டு கேட்டிட்டு வாறன்.”

அவருடைய நாட்டில் யார் எந்தப் பக்கம், எது முதல் நடந்தது என்பதெல்லாம் எனக்குச் சரியாகத் தெரியாது. திரும்பத் திரும்பக் கேட்டு அவரைக் கரைச்சல்படுத்த மனமில்லை. விசயம் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துப் பிழைகளைத் திருத்திவிடுங்கள்.