இரண்டு பச்சைகளுக்கு இடைப்பட்ட தூரம்

எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. சுங்காய் பக்கத்துத் தோட்டத்தில் அப்பா எண்ணெய்க்கான செம்பனைக் குலை வெட்டிக்கொண்டிருந்த காலத்தில், எது பழுத்தது, எது காய் என்று சொல்லத் தெரியாமல் நான் விழித்ததில்தான் வீட்டுக்கே அது தெரியவந்தது. அப்பா கோபப்படவில்லை. "சரி, வேற வேல பாத்துக்கலாம்" என்றார்.

கிடைத்த வேலையும் நிறத்தோடுதான். ஈப்போவில், பொட்டல உறைகளின் அச்சைக் கணினியில் சரிபார்க்கும் ஒரு சிறு நிறுவனம். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம் என்று திறந்து வைக்கப்பட்ட ஒரு மென்பொருளை அங்கே நம்பியிருந்தோம். அதில் ஒரு ஃபங்ஷன், அதாவது கணக்குப் போடும் ஒரு சிறு பகுதி, இரண்டு நிறங்களைக் கொடுத்தால் ஓர் எண்ணைத் தரும். விளக்கம் ஒரே வரி: 'நிறங்களுக்கு இடையே உள்ள வேறுபாடு.' பத்து வந்தால் பெரிய வேறுபாடா, சின்னதா? மற்றவர்கள் திரையைப் பார்த்தே தீர்மானித்தார்கள். எனக்கு அந்த எண்ணை விட்டால் வேறு வழியில்லை.

அதைப் பராமரிக்கும் பெண்மணி எங்கோ குளிர்தேசத்தில் இருப்பவர். அவருக்கு எழுதிக் கேட்டேன். தனக்கும் சரியாகத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, "விளக்கத்தை நீங்களே எழுதித் தர முடியுமா?" என்று கேட்டார். எனக்கு நிறக்குருடு என்று பதில் போட்டேன். அப்படியானால் எதையும் ஊகித்துக்கொள்ளாமல் எழுதுவீர்கள், நல்லதுதான் என்றார். அந்தப் பதிலைப் பலமுறை படித்தேன்.

ஞாயிறு காலைகளில் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைப்பேன். திரையில் இரண்டு கட்டங்கள். எண்ணை மறைத்துவிட்டு மனைவியிடம் கேட்பேன்.

"இது ரெண்டும்?"

"ஒரே பச்சைலா."

எண் மிகப் பெரிதாக இருந்தது. அடுத்து வந்த இரண்டும் எனக்கு ஒரே சாம்பல்.

"இது வேற வேறங்க. வலது பக்கம் லேசா செவப்பு ஓடுது பாருங்க. ஓ, உங்களுக்குத் தெரியாதுல்ல. சோரி."

அதன் எண்ணோ மிகச் சிறிது. ஃபங்ஷன் வெறும் கணக்கு போட்டதே தவிர, கண் எப்படிப் பார்க்கிறது என்று யோசிக்கவில்லை. கண்ணுக்கு ஏற்ப அளக்கும் சூத்திரத்தை அறிஞர்கள் ஏற்கெனவே வகுத்து வைத்திருந்தார்கள். அதைச் சேர்த்து எழுதி அனுப்பினேன். பழைய எண்ணை நம்பிப் பலர் வேலை செய்கிறார்கள், அது மாறக் கூடாது, புதியதைத் தனித் தேர்வாக வையுங்கள் என்றார் பராமரிப்பவர். அவர் சொன்னது சரி. மாற்றி எழுதினேன்.

எந்த எண்ணுக்குக் கீழே இருந்தால் 'ஒரே நிறம்' எனலாம் என்பதுதான் இழுத்தது. நாங்கள் சாப்பிடும் நாசி கண்டார் சோற்றுக்கடை முதலாளியிடம் கைப்பேசியில் ஒரு ஜோடியைக் காட்டினேன்.

"ரெண்டும் ஒண்ணுதான் தம்பி."

"இல்ல அண்ணே, நல்லா பாருங்க. வேற" என்றாள் மனைவி.

"எனக்கு ஒண்ணாத்தான் இருக்கு. டீ ஆறுது, குடிங்க."

வீட்டுக்கு வந்ததும் விளக்கத்தில் இப்படி எழுதினேன்: எல்லாக் கண்ணுக்கும் பொருந்தும் எல்லை கிடையாது; உங்கள் வேலைக்கு எது போதுமோ அதை நீங்களே கொடுங்கள். பராமரிப்பவர் ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் சேர்த்துக்கொண்டார்.

புதிய பதிப்பு வந்தபோது, நன்றி சொல்லும் பகுதியில் என் பெயருக்குப் பக்கத்தில் மனைவியின் பெயரும் இருந்தது. நான்தான் கேட்டிருந்தேன். அவள் அதைப் படம்பிடித்து ஆயர் தாவாரில் இருக்கும் தன் அம்மாவுக்கு அனுப்பினாள். உடனே அழைப்பு வந்தது.

"நீ என்னா வேல செஞ்ச அதுல?"

"பாத்து சொன்னேம்மா."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்" என்று சிரித்தாள் அவள். நான் கைப்பேசியை வாங்கி, அது எவ்வளவு பெரிய வேலை என்று மாமியாருக்கு முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.