கம்ப்யூட்டருக்குப் பெயின்ட் அடித்தவன்

போன வாரம் ஒரு லேபில், பெண் இன்ஜினீயர் ஒருவர் என் கையில் உப்புத்தாளைக் கொடுத்து, "சுரண்டுங்க சார்" என்றார். சுரண்டினேன். வெட்கமாக இருந்தது.

விஷயம் இதுதான். என் மச்சினன் கோபி திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் சின்ன யூனிட் வைத்திருக்கிறான். ஆஸ்பத்திரிக் கட்டிலை ஏற்றி இறக்கும் மோட்டாருக்கு கன்ட்ரோல் பெட்டி செய்கிறான். பெரிய ஆர்டர் ஒன்று கைக்கு எட்டும் தூரத்தில். ஒரே நிபந்தனை – அந்தப் பெட்டி மின்காந்த இரைச்சல் கிளப்பி, பக்கத்தில் இருக்கும் மருத்துவக் கருவிகளைக் குழப்பக் கூடாது. லேபில் சோதித்து சர்டிபிகேட் வாங்க வேண்டும்.

சோதனையின்போது பெட்டியை இயக்க ஒரு கம்ப்யூட்டர் கூடவே இருக்கும். அதுவே இரைச்சல் போட்டால்? முதல் தடவை கோபி தன் மகனின் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போனான். பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே கலர் கலராக லைட். ஃபெயில். இன்னொரு தடவை ஃபெயிலானால் ஆர்டர் வேறு ஆளுக்கு.

"நல்லதா ஒண்ணு பாத்துக் குடுங்க மாமா" என்றான். கம்ப்யூட்டர் பற்றி நாலு பத்தி எழுதியதில் குடும்பத்தில் எனக்கு அப்படி ஒரு பெயர்!

நானும் படித்தேன். தடித்த இரும்புக் கூடு வேண்டும், மூடி சேரும் இடமெல்லாம் இரும்பு இரும்பைத் தொட வேண்டும்... அம்பத்தூரில் பழைய ஃபேக்டரி சாமான் கடையில் அப்படியே ஒரு கம்ப்யூட்டர் கிடைத்தது. தூக்க இரண்டு பேர் வேண்டும். அத்தோடு நான் நின்றிருக்கலாம்.

அது ஆயுத பூஜை வாரம். எஸ்டேட்டில் டிரில்லிங் மெஷின் முதல் தள்ளுவண்டி வரை எல்லாவற்றுக்கும் பெயின்ட் ஏறும். இது மட்டும் கறை படிந்த முகத்தோடு லேபுக்குப் போவதா? உள்ளே இருப்பதைக் கழற்றிவிட்டு, கூட்டை மட்டும் பக்கத்து ஷெட்டில் பெயின்ட் பொடியைச் சுட்டு ஒட்டவைக்கும் பவுடர் கோட்டிங் ஏழுமலையிடம் கொடுத்தேன்.

"ஓரமெல்லாம் அடிச்சிடட்டா சார்?"

"ஒரு இடம் விடாதீங்க."

மறுநாள் வந்தது. மயில் நீலம். "மாப்ள கணக்கா கீது பாரு சார்" என்றார் ஏழுமலை. பொட்டு வைத்தோம்.

லேபில் இரைச்சலைக் காட்டும் திரை முழுக்கக் கோடுகள் முளைத்தன. இன்ஜினீயர் கோபியின் பெட்டியை அணைத்தார். கோடுகள் அப்படியே நின்றன.

"உங்க பெட்டி சமத்தா இருக்கு சார். கத்துறது கம்ப்யூட்டர்தான்." மூடியைக் கழற்றி விரலால் தடவினார். "இந்த ஓரத்துல பெயின்ட் அடிச்சது யாரு?"

கோபி என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

பெயின்ட் மறித்ததில் இரும்பு எங்கும் இரும்பைத் தொடவில்லை. இடுக்கு வழியே இரைச்சல் வெளியே ஓடியிருக்கிறது. எங்களுக்கு ஒதுக்கிய நேரத்தில் இன்னும் ஒன்றரை மணி நேரம் பாக்கி. சுரண்டினேன். பவுடர் கோட்டிங் லேசில் வராது – ஏழுமலை நல்ல வேலைக்காரர். விரல் நுனி எரிந்தது. கோபி கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அதுதான் அதிகமாக வலித்தது.

மூடியைத் திருகி மறுபடி போட்டோம். கோடுகள் படுத்தன.

கோபி என் மனைவிக்கு போன் போட்டான். "பாஸாயிடுச்சிக்கா."

"அவரு என்ன பண்ணாரு?"

"அவரே பெயின்ட் அடிச்சி, அவரே சுரண்டினாருக்கா."

"பரவால்ல. எழுதுறத விட்டுட்டு ஒரு நாளாவது வேலை செஞ்சாரே."