கத்தாத விசிறி

அந்தக் கம்ப்யூட்டரின் விசிறிச் சத்தத்தை முதல் வாரம் மட்டுமே கேட்டேன். கனமான வேலை கொடுத்தால் பெட்டிக்குள் விர்ரென்று எழும்பும், வேலை முடிந்ததும் அடங்கிவிடும். அதன் பிறகு அது கத்தவே இல்லை. சனியன் ஒழிந்தது என்று நாங்களும் நிம்மதியாக இருந்தோம். அந்த அமைதி அக்காவின் வேலையைத் தின்னப் போகிறது என்று யாருக்குத் தெரியும்?

ஆரணியில் பட்டுப்புடவைக்கு டிசைன் போட்டுத் தரும் கடை அது. நான் பழைய கம்ப்யூட்டரில் கோடு இழுப்பேன். அக்கா அதற்கு வண்ணம் கொடுத்து, தறிக்கு ஏற்ற கோப்பாக மாற்றுவார். கூடப் பிறந்தவர் இல்லை. என்னைவிட மூத்தவர், அதனால் அக்கா. பார்டரில் ஒரு கொடி எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று அவர் போட்ட டிசைனில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அவருக்காகத்தான் முதலாளி புதுக் கம்ப்யூட்டர் வாங்கினார். சந்தனம், குங்குமம் எல்லாம் வைத்து, வருகிற வியாபாரிகளிடமெல்லாம் "ராக்கெட்டு மாரி போவும்" என்று பீற்றிக்கொண்டார்.

ஒரு வாரத்தில் ராக்கெட் மாட்டுவண்டி ஆனது. முழுப் புடவையைக் கோப்பாக மாற்றச் சொன்னால் வேலை எவ்வளவு முடிந்தது என்று திரையில் காட்டும் நீலப் பட்டை நகரவே நகராது. வியாபாரி டீயைக் குடித்து முடித்துவிட்டு வாசலைப் பார்ப்பார். முதலாளி வந்து அக்காவின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொள்வார்.

"இன்னாம்மா, இன்னும் சுத்திகினே கீது?"

"ஓடிகினுதாங்க இருக்குது. மெஷின ஒருதரம் ஆள வரச்சொல்லிப் பாத்துடலாங்க."

"புது மெஷின் மேல பழி போடாத. உன் கைதான் லேட்டு."

இதை அவர் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லவில்லை. நாலு பேர் உட்கார்ந்திருக்கும்போது சொன்னார், சிரித்துக்கொண்டே சொன்னார். அக்கா காலையில் சீக்கிரம் வந்து பார்த்தார், மதியச் சாப்பாட்டை விட்டுப் பார்த்தார், கடைசியில் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவதையும் நிறுத்திப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. அவருடைய மகள் நர்சிங் சேர்ந்த சமயத்தில் முதலாளி அவரை அனுப்பிவிட்டார். வேறு டிசைன் கடைகளுக்குப் போனார். 'கை ஸ்லோ' என்ற பேச்சு அவருக்கு முன்னாலேயே அங்கெல்லாம் போய் உட்கார்ந்திருந்தது.

அவருடைய நாற்காலிக்கு முதலாளியின் மச்சான் மகன் வந்தான். வந்த மறுநாளே, "மாமா, இது இழுக்குது" என்றான். உடனே சிஸ்டம் ரிப்பேர்காரருக்குப் போன் பறந்தது. அவர் வந்து விண்டோஸின் பவர் செட்டிங்ஸைத் திறந்து ஓர் எண்ணை மாற்றினார். தொண்ணூற்றொன்பது நூறானது, அவ்வளவுதான். பக்கத்தில் இருந்த நான் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். பிராசஸருக்குச் சாதாரண வேகம் ஒன்று உண்டு. கனமான வேலை வந்தால் அது தானாகவே அதற்கு மேல் வேகம் எடுக்கும், சூடேறும், விசிறியும் கத்தும். ஆனால் விண்டோஸ் அந்த வேகத்துக்கு இடம் கொடுக்க வேண்டும். உச்ச அளவில் நூறு சதவீதம் என்று இருந்தால்தான் கொடுக்கும், ஒன்று குறைந்தாலும் கொடுக்காது என்று விளக்கினார்.

"யாரு கொறச்சது?"

"நான்தாங்க. வாங்கின புதுசுல, ஒரு ஞாயித்துக்கெழம, உங்க முதலாளிதான் கூப்புட்டாரு. 'போன் பேச முடியல, பேஜாரா கீது, சத்தத்த நிறுத்து'ன்னாரு. ஸ்லோவாவும்னு அப்பவே சொன்னேனே!"

நானும் அக்காவும் கடையில் இல்லாத ஞாயிற்றுக்கிழமை. அக்கா அந்நேரம் சர்ச்சில் முட்டி போட்டிருந்திருப்பார்.

பெட்டிக்குள் விசிறி மறுபடி விர்ரென்று எழும்பியது. நீலப் பட்டை ஓடி முடிந்தது. முதலாளி மச்சான் மகனின் தோளைத் தட்டி, "பாத்தியா, இது கை!" என்றார். அவரிடமே போய், அக்கா மேல் தப்பில்லையே என்றேன். சத்தத்தை நிறுத்தச் சொன்னதையே மறந்துவிட்டாராம். "அதான் இப்ப செரியாயிடுச்சில்ல, உடுப்பா. பழச இன்னாத்துக்குக் கெளறிகினு" என்றார். இப்போது சத்தம் அவர் காதில் விழவே இல்லை போலும்.

நான் தேடிப் போனபோது, களம்பூர் அரிசி ஆலையில் அக்கா பில் போட்டுக்கொண்டிருந்தார். விசைப்பலகை முழுக்கத் தவிடு. நடந்ததையெல்லாம் சொன்னேன். குதிப்பார், அழுவார் என்று நினைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"இத அவருகிட்ட சொன்னியாப்பா?"

"சொன்னேன்க்கா."

"என்னத் திரும்ப வரச்சொன்னாரா?"

வெளியே லாரிக்காரர் பில்லுக்காகச் சத்தம் போட்டார். அக்கா திரும்பி அதை அடிக்கத் தொடங்கினார். அந்தக் கைகள் என்ன வேகத்தில் ஓடின என்பதை நான் நின்று பார்த்தேன்.

அந்தக் கடையை விட்டு நானும் வந்துவிட்டேன். இப்போது என் மேசைக்கடியில் இருக்கும் பெட்டி, வேலை கொடுத்தால் கத்துகிறது. கூட வேலை செய்பவர்கள் காதைப் பொத்திக்கொண்டு, சத்தத்தைக் குறைக்க வழியில்லையா என்கிறார்கள். வழி எனக்குத் தெரியும். ஓர் எண்ணை மாற்றினால் போதும். கத்தட்டும் என்று விட்டுவிடுகிறேன். அது கத்தாமல் இருந்தபோதுதான் ஒருவரின் பிழைப்புப் போனது.